ஒன்றில் நின்ற ஊசி

பல் டாக்டர் பொன்னுத்துரைக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குருவுக்கு இருபத்தொன்பது. மேலப்பாளையத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நஸ்ரின்தான் அந்தக் குரு. வீட்டிலிருந்தபடியே தூரதேசத்து ஆட்களோடு பேச உதவும் ஹாம் ரேடியோவின் லைசென்ஸ் பரீட்சைக்கு அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள். அவர் டீச்சர் என்பார், அவள் சார் என்பாள். இதில் இருவருக்கும் குறை இல்லை.

புதுச் சாமான் எதைக் கண்டாலும் டாக்டருக்குக் கை சும்மா இருக்காது. வீட்டில் பேசுகிற கடிகாரம் உண்டு. தானே தரை பெருக்கும் இயந்திரம் உண்டு. அது கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு காப்பாற்றச் சொல்லிக் கத்தும். ஆனால் ரேடியோவை அவர் வேடிக்கைக்கு வாங்கவில்லை.

போர்ட் பிளேரில் இருக்கும் ஆவுடையப்பன் அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். ஆறு வருடத்துக்கு முன் ஆவுடையப்பனின் அம்மா இறந்தபோது டாக்டர் துக்கத்துக்குப் போகவில்லை. சென்னையில் ஒரு மாநாட்டில் பேச வேண்டியிருந்தது. பள்ளி நாட்களில் இவருக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொடுத்த அம்மா. அன்றிலிருந்து ஆவுடையப்பன் இவர் போனை எடுப்பதில்லை. ஆனால் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ரேடியோவில் வருவார். அங்கே கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லாமல் போகிற வழக்கம் இல்லை. டாக்டர் அதைத்தான் நம்பியிருந்தார்.

நம்பினாரே தவிர, நான்கு மாதமாக அவர் குரலைக் கேட்டதோடு சரி, ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. மொட்டைமாடியில் கட்டிய ஏரியல் கம்பிக்கு ரேடியோ அனுப்புகிற சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் மீட்டர் ஒன்று மேசைமேல் இருந்தது. ஊசி ஒன்றில் நின்றால் எதுவும் திரும்பவில்லை என்று அர்த்தம். அதுவோ ஒன்றரைக்குக் கீழே இறங்குவேனா என்றது. கேபிளை மாற்றினார். கம்பியை வெட்டினார், மறுபடி ஒட்டினார். ஒன்று வரட்டும், அப்புறம் கூப்பிடலாம் என்றார்.

போன வாரம் ஆவுடையப்பன் ரேடியோவில் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறோடு சரி, மகள் வீட்டுக்குக் குடிபோகிறேன், அங்கே கம்பி கட்ட இடமில்லை.

அந்த ஞாயிறு ஆறரைக்கே டாக்டர் நஸ்ரினை வரவழைத்துவிட்டார்.

"எப்படியாவது ஒண்ணுக்குக் கொண்டாந்துருங்க டீச்சர்."

"ஒண்ணுதான் வேணுமா சார்?"

"ஒண்ணேதான்."

அவள் பையிலிருந்து மூடிபோட்ட ஒரு பழைய பெயிண்ட் டப்பாவை எடுத்தாள். மாடிக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டப்பாவை மாட்டினாள். டாக்டர் மைக்கின் பட்டனை அழுத்திப் பார்த்தார். ஊசி ஒன்றில் அசையாமல் நின்றது.

அவருக்கு வாயெல்லாம் பல். "இரைச்சல்கூட நின்னுபோச்சே! இதுக்குள்ள என்ன இருக்கு?"

"அப்புறம் சொல்லுதேன். கூப்பிடுங்க."

ஏழு மணி ஆனது. ரேடியோவில் யார் குரலும் வரவில்லை. ஆனாலும் ஊசி கொடுத்த தைரியத்தில் டாக்டர் கூப்பிட்டார்.

"ஏல ஆவுடை, நான் துரை பேசுதேன். அம்மாவுக்கு வராம இருந்தது தப்புதாம்ல."

நான்கு தடவை சொன்னார். மணி ஏழேகால். பதில் இல்லை.

"இவ்வளவு நேரம் பேசினேனே, எல்லாம் எங்க போச்சு டீச்சர்?"

"டப்பாவைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. நஸ்ரின் மூடியைத் திறந்தாள். உள்ளே எண்ணெயில் ஒரு ரெசிஸ்டர் கிடந்தது.

"ரேடியோவைச் சோதிக்கிறதுக்கு நாங்க வச்சிருக்கது. குடுக்கிற சக்தி எல்லாத்தையும் சூடாக்கி உள்ளயே வச்சுக்கிடும். ஒண்ணும் திரும்பாது. ஒண்ணும் வெளிய போகாது."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னைக்குப் போயா டீச்சர் இந்த விளையாட்டு?"

அவள் டப்பாவைக் கழற்றி, மாடிக் கேபிளைத் திரும்ப மாட்டினாள். இரைச்சல் குபீரென்று பொங்கியது. அதற்கு நடுவில் ஆவுடையப்பனின் குரல்.

"...வேற யாரும் இருக்கீங்களா? இல்லன்னா முடிச்சுக்கிடுதேன்."

டாக்டர் மைக்கைப் பிடித்தார்.

"ஒண்ணரைதான் காட்டும். கொஞ்சம் திரும்பி வந்துருமே டீச்சர்."

"வரும் சார். வெளிய போறதுல கொஞ்சம் திரும்பி வரத்தான் செய்யும்."

டாக்டர் பட்டனை அழுத்தினார்.