வால் தின்ற அரண்மனைக் கன்றுகள்

முன்னொரு காலத்தில் வெண்கோட்டூர் என்ற நாட்டை மகரகேது என்ற ராஜா ஆண்டு வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் யார் எதைச் சொன்னாலும் அன்றைக்கே உத்தரவு போட்டுவிடுவார். ஒரு ராத்திரி பொறுத்துப் பார்ப்போம் என்பதே கிடையாது. இந்தக் கதையில் நடந்த கூத்து முழுக்க அதனால்தான்.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதர் அரண்மனைத் தொழுவத்தைப் பார்க்கப் போனார். இளங்கன்றுகள் வைக்கோலை இழுத்துத் தின்றுகொண்டிருந்தன. தூதர் லேசாகச் சிரித்தார். எதற்குச் சிரித்தாரோ, யாருக்குத் தெரியும். களஞ்சிய அதிகாரி நவகோடியார் அந்தச் சிரிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மந்திரி கூத்தபிரானுக்குக் கிடைக்கிற மரியாதை தனக்கு இல்லையே என்று வெகுகாலமாகப் புழுங்கிக் கிடந்த ஆள் இவர். வைக்கோல் ஏழை வீட்டு மாட்டுக்கு உள்ளது, ராஜாவின் கன்றுகள் அதில் வாய் வைத்தால் நாட்டுக்கே இழுக்கு, இனி பச்சரிசி மாவையும் கடலை மாவையும் துணியில் சலித்து வெல்லக் கூழாகத்தான் ஊட்டவேண்டும் என்று சபையில் ராஜாவிடம் சொன்னார். ராஜா உடனே உத்தரவு போட்டார். தொழுவத்தில் ஒரு துரும்பு மிஞ்சாமல் கூட்டித் தள்ளினார்கள். சபை கைதட்டியது.

நாரான தீனி இல்லாமல் கன்று வயிறு தேறாது என்று மந்திரிக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தது வேறு எதற்கோ. நவகோடியார் முந்திவிடுவாரே என்று அந்தக் கூழைப் புகழ்ந்து ஒரு பாட்டுப் பாடி, முத்துமாலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நாளில் கன்றுகளின் வால்கள் மொட்டையாயின. தொழுவம் பார்க்கும் ஆவுடையாள்தான் முடியை அறுத்துச் சாமரம் கட்டுகிறவர்களுக்கு விற்கிறாள் என்று நவகோடியார் போய்ச் சொன்னார். ராஜா விசாரிக்கவே இல்லை. கன்றின் முடிக்கு அவள் முடி என்று சொல்லி, அன்றைக்கே நாவிதரை வரவழைத்து அவள் தலையை மழிக்கச் செய்துவிட்டார். மறுநாள் கழுதைமேல் ஏற்றி ஊரைவிட்டுத் துரத்துவதாக ஏற்பாடு.

மந்திரி தொழுவத்துக்குப் போனார். ஆவுடையாள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உண்மையைச் சொல்லு. நீ அறுத்தியா?"

"அறுத்து வித்திருந்தா ஒரு நல்ல சேலையாவது கட்டியிருப்பேனே, சாமி. காலையில வந்தா வாலுல முடி இல்ல. இதுகளும் பாவம், ஒண்ணை ஒண்ணு பாசமா நக்கிக்கிட்டுத்தான் நிக்குதுக."

மந்திரி பார்த்தார். கன்றுகளின் வயிறு உப்பியிருந்தது, சாணம் தண்ணீராகக் கிடந்தது, ஒரு கன்றும் அசைபோடவில்லை. நக்கிக்கொண்டிருந்த கன்றின் வாய் ஓரத்தில் முடி ஒட்டியிருந்தது. பாசமாவது ஒன்றாவது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் அவள் தலைப்பக்கம் பார்க்க முடியாமல், வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

உத்தரவு தப்பு என்று நேரே சொன்னால் ராஜா கோபத்தில் இன்னொரு உத்தரவு போடுவார். அதனால் மறுநாள் மந்திரி வேறு மாதிரி ஆரம்பித்தார். மொட்டை வாலோடு ராஜ கன்றுகள் இருப்பது அழகில்லை, பொய்வால் கட்டிச் சபைக்குக் கொண்டுவருவோம், திருடியையும் பக்கத்தில் நிறுத்தினால் அவள் கை தானாக நீளும் என்றார். வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர். சரி என்றார்.

காய்ந்த புல்லைச் சடையாகப் பின்னிய வால்களோடு கன்றுகள் வந்து நின்றன. ஆவுடையாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கை நீளவில்லை. நீண்டது பின்னால் நின்ற கன்றின் நாக்கு. முன்னால் நின்றதன் வாலைக் கவ்வி இழுத்தது. அதன் வாலை அடுத்தது கவ்வியது. கொஞ்ச நேரத்தில் எல்லாக் கன்றும் வட்டமாகச் சுற்றிக்கொண்டே ஒன்றின் வாலை ஒன்று தின்றன. சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

நவகோடியார் மட்டும் சிரிக்கவில்லை. புல்லைத் தின்றது சரி, முடியை எந்தக் கன்றாவது தின்னுமா என்று கேட்டபடி, கீழே கிடந்த துணுக்குகளைக் குனிந்து ஆராய்ந்தார். புல் தீர்ந்துபோன கன்று ஒன்று அவருடைய குடுமியைக் கவ்வியது. விடவே இல்லை. இரண்டு காவலர்கள் சேர்ந்து பிரித்தபோது குடுமியில் பாதிதான் மிச்சம்.

இந்தத் தடவை ராஜா சிரிக்கவில்லை.

"வைக்கோலை நிறுத்தியது யார்?" என்று கேட்டார்.

 மந்திரி தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"உத்தரவு உங்களுடையது, மகாராஜா. யோசனை நவகோடியாருடையது. பாட்டு என்னுடையது. தலை மட்டும் இவளுடையது."

ராஜா கழுதையைத் திருப்பி அனுப்பினார். நவகோடியாரின் பதவியைப் பிடுங்கி, தொழுவத்துக்கு வைக்கோல் நறுக்கும் வேலையைக் கொடுத்தார். மாலையை எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு மந்திரி மாட்டேன் என்றுவிட்டார். சும்மா இருப்பாரா ராஜா, இனி கன்றுக்கு வைக்கோலைத் தவிர வேறெதுவும் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தார். மந்திரி இந்தமுறை பாட்டுப் பாடவில்லை, குறுக்கே விழுந்தார். சின்ன வயிறு, வைக்கோலையே அடைத்தால் சத்துள்ள தீனிக்கு இடமிருக்காது, தானியத்தைக் கொரகொரப்பாக உடைத்துப் போட்டு, நறுக்கின வைக்கோல் ஒரு பிடி வைத்தால் போதும் என்றார். ராஜா கேட்டுக்கொண்டார்.

கன்றுகள் தேறின. வயிறு வற்றி, மத்தியானத்தில் படுத்து அசைபோட ஆரம்பித்தன. வாலிலும் முடி எட்டிப்பார்த்தது.

ராஜா மட்டும் தினமும் தொழுவத்து வாசலுக்கு வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். "கன்றுகள் அசைபோடுகின்றனவா?" என்பார். ஆவுடையாள் "போடுதுக, மகாராஜா" என்பாள். அவர் தரையைப் பார்த்தபடி போய்விடுவார். இப்படியே பல நாள்.

ஒருநாள் அவள் கூட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "கன்னுகளைப் பத்தித்தான் கேக்க வர்றீங்களா, மகாராஜா?"

"இல்லை," என்றார் ராஜா. அவர் பார்வை அவளுடைய தலைக்குப் போய், தரைக்குத் திரும்பியது.

 அவள் கூடையிலிருந்து ஒரு பிடி வைக்கோலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அந்தக் கடைசிக் கன்னுக்கு இன்னும் தீனி வைக்கல. உள்ள வாங்க."