எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னவன்

சின்னவர்களும் கேட்கலாம், பெரியவர்களும் கேட்கலாம். கேட்டு முடித்தபின் உங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளவும் செய்யலாம். ஏரிகளுக்குப் பெண்பிள்ளைகளுக்கு வைப்பதுபோல் பேர் வைத்துக் கூப்பிட்ட காலம் அது. மஞ்சள்மலை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதற்கு நெடுங்கோ என்று ஒரு ராஜா இருந்தார்.

நெடுங்கோவுக்கு ஒரு குணம். எதையும் கேட்காமல் விடமாட்டார். குயில் ஏன் கூடு கட்டுவதில்லை என்று கேட்பார். உப்பு தண்ணீரில் எங்கே போய் ஒளிகிறது என்று கேட்பார். சமையல்காரர் ரசத்தில் கடைசியாகப் பெருங்காயம் போட்டால், ஏன் முதலில் போடவில்லை என்று அடுப்படிக்கே வந்து கேட்பார். அமைச்சர் பெருநம்பிக்கு இதனால் தீராத தலைவலி. ஆனாலும் ராஜாவை அவருக்குப் பிடிக்கும்.

அந்த நாடு அல்லியம்மை என்ற ஒரே ஏரியை நம்பிப் பிழைத்தது. ஏரி நிறைந்தால் ஊர் சிரிக்கும், வற்றினால் ஊர் காலியாகும். அதனால் அங்கே ஒரு சட்டம் இருந்தது. மதகை உடைத்தவன் தலை உடம்பில் தங்காது. உடைத்தவன் ஏழையா பணக்காரனா, உள்ளூரா வெளியூரா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஒரு தை மாதம், நல்ல உச்சிவெயில் நேரம், மதகு உடைந்தது.

மதகுக் காவலர் நீலன் அப்போது கீழே வாய்க்காலில் இறங்கிப் பாசி எடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அவரை அடித்துக்கொண்டு போய்விட்டது. மூன்று வயல் தாண்டித்தான் உடல் கிடைத்தது. அவருக்கு மனைவி உண்டு. பேர் செம்பி. கணவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்தவள், தூக்குச்சட்டியோடு கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

மதகுப் பலகையைத் தூக்கியவனை உடனே பிடித்துவிட்டார்கள். அது கஷ்டமாக இல்லை. அவன் ஒரு வைக்கோற்போருக்குள் தலையை நுழைத்து ஒளிந்திருந்தான். கால் இரண்டும் வெளியே தெரிந்தன.

அவன் பேர் தும்பன். வயது முப்பது. நான்கு பேர் தூக்குவதை ஒருவனாகத் தூக்குவான். ஊர் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவது அவன் வேலை. எந்த மாடு எந்தக் கன்றின் தாய் என்று தவறாமல் சொல்லுவான். ஆனால் இன்று என்ன கிழமை என்று கேட்டால், கேட்டவர் முகத்தைப் பார்ப்பான்.

காவலர்கள் அவனைக் கேட்டார்கள்.

"நீதான் தூக்கினாயா?"

"ஆமாம்."

"நீ தனியாகவா?"

"ஆமாம்."

"வேண்டுமென்றேதானே?"

"ஆமாம்."

மூன்று ஆமாமையும் ஓலையில் எழுதிக்கொண்டு சபைக்குக் கூட்டிவந்தார்கள். ஓலையின் அடியில் தண்டனையையும் எழுதிவிட்டார்கள். ராஜாவின் முத்திரை ஒன்றுதான் பாக்கி.

முத்திரையைக் கையில் எடுத்த ராஜா, வழக்கம்போல், அதை வைக்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"தும்பா, மதகை உடைத்தது நீயா?"

"ஆமாம் ஐயா."

"இந்த மண்டபத்தைக் கட்டினதும் நீதானா?"

"ஆமாம் ஐயா."

சபையில் சிரிப்பு எழுந்தது. தும்பனும் சேர்ந்து சிரித்தான்.

"நேற்றுச் சாயங்காலம் சூரியனை மலைக்குப் பின்னால் தள்ளிவிட்டதும் நீதானா?"

தும்பன் ராஜாவின் முகத்தையே பார்த்தான். எந்தப் பதில் சொன்னால் அவர் சந்தோஷப்படுவார் என்று தேடினான். பிறகு மெதுவாக, "ஆமாம் ஐயா" என்றான்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு உன் தலையை எடுத்துவிடுவார்கள். தெரியுமா?"

"தெரியும் ஐயா."

"அதற்கப்புறம் என்ன செய்வாய்?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும் ஐயா. பொழுது சாஞ்சா அதுக கத்தும்."

ராஜா முத்திரையைக் கீழே வைத்தார்.

பெருநம்பி எழுந்தார். அவர் கெட்டவர் அல்ல. சட்டம் ஒரு பக்கம் சாய்ந்தால் நாடு அந்தப் பக்கம் சரியும் என்று நினைப்பவர். "மகாராஜா, மூன்று விஷயம் சொல்கிறேன். இவன் ஓடி ஒளிந்தான். தப்பு என்று தெரியாதவன் ஏன் ஒளிய வேண்டும்? இரண்டாவது, அதோ நிற்கிற செம்பிக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்? மூன்றாவது, இன்று இவனை விட்டால் நாளை பிடிபடுகிற திருடர்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு வந்து நிற்பார்கள். யார் நிஜம், யார் நடிப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?"

"மூன்றும் நல்ல கேள்வி" என்றார் ராஜா. அவருக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. "ஆறு வயதுப் பிள்ளை மதகைத் திறந்துவிட்டு ஒளிந்துகொண்டால் அதன் தலையை எடுப்பீரா?"

"மாட்டேன். அதற்கு அறிவு முதிரவில்லை."

"தப்பு என்று தெரிந்துதானே ஒளிந்தது?"

"தெரிந்திருக்கும். முழுதாகத் தெரிந்திருக்காது."

"அப்படியானால் இவனுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று நாம் பார்க்க வேண்டாமா? தாடி வளர்ந்ததை வைத்து அறிவும் வளர்ந்தது என்று எப்படிச் சொல்வது? உம்முடைய இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. செம்பிதான் சொல்ல வேண்டும். மூன்றாவதற்கு எனக்கும் பதில் தெரியாது. தெரிகிறவரை முத்திரை இல்லை."

 செம்பி ராஜாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வையை ராஜாவால் வெகுநேரம் மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை ராஜா சிறைக்குப் போனார். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி எதையும் இன்று கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

"தும்பா, அன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?"

"கூழு. அப்புறம் வெல்லம்."

"வெல்லம் யார் கொடுத்தது?"

"தத்தண்ணன். ரெண்டு கட்டி. பலகையைத் தூக்கினா இன்னும் ரெண்டு தரேன்னாரு." அவன் முகம் வாடியது. "தரவே இல்லை ஐயா."

"அம்மா என்ன சொல்லியிருந்தாள்?"

"மதகுப் பக்கம் போகாதேன்னு சொன்னாங்க. நான் போனேன். தூக்கினேன். கீழே இருந்து நீலண்ணன் கத்தினாரு. பயந்து கையை விட்டுட்டேன். பலகை கோணிக்கிச்சு. தண்ணி பெரிசா வந்துச்சு." கொஞ்சம் யோசித்தான். "நீலண்ணன் வந்து என்னைத் திட்டுவாரு."

தத்தன் கடைமடை நிலக்காரன். ஏரித் தண்ணீர் அவன் வயலுக்கு வரும் முறைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நாற்று வாடியது. பொறுக்க முடியாமல், தன் கையைக் காட்டாமல், தும்பனின் கையை உபயோகித்துக்கொண்டான். நீலன் கீழே இறங்கியிருந்தது அவனுக்குத் தெரியாது. கட்டியாக வெல்லம் வாங்கியதைக் கடைக்காரர் சொன்னார். வரப்பில் நின்று தண்ணீருக்காகக் காத்திருந்ததைப் பக்கத்து வயல்காரர் சொன்னார்.

ஆனால் அரண்மனையில் ராஜா கேட்ட கேள்விகள் அதற்குள் ஊர் முழுதும் பரவியிருந்தன. காவலர்கள் தத்தனைக் கொண்டுவந்தபோது அவன் தலைமுடி கலைந்திருந்தது. வாயில் எச்சில் வழிந்தது. சபையைச் சுற்றிப் பார்த்து, "இதில் எது ராஜா, எது யானை?" என்று கேட்டான்.

பெருநம்பி கைகளை விரித்தார். "சொன்னேனா இல்லையா?"

"இவனை ஊருக்கே தெரியுமே" என்றார் ராஜா.

"இவனைத் தெரியும். நாளைக்கு ஊருக்குத் தெரியாத ஒருவன் வந்து இப்படி நின்றால்?"

"அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சோதனையை நீரே வையும். உம்மை ஏமாற்றுவது கஷ்டம்."

பெருநம்பி மூன்று நாள் சோதனை வைத்தார். மூன்று நாளும் செம்பி தூணோரம் நின்று பார்த்தாள்.

முதல் நாள், இருவரிடமும் ஒரு கயிற்றைக் கொடுத்து, மாட்டைக் கட்டச் சொன்னார். தத்தன் கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆடினான். தும்பன் ஒரு நொடியில் முடிச்சுப் போட்டு, மாட்டின் கழுத்தையும் தடவிக்கொடுத்தான். பெருநம்பிக்கு ஆச்சரியம். அறிவில்லை என்று சொல்லப்பட்டவன் சரியாகச் செய்கிறானே!

இரண்டாம் நாள், ஏழு தேங்காய் எடுத்துவரச் சொன்னார். தத்தன் ஒன்றை உருட்டிவிட்டு அதன் பின்னால் ஓடினான். தும்பன் கை கொண்ட மட்டும் அள்ளிவந்து வைத்து, பெருநம்பியின் முகத்தைப் பார்த்தான். அவர் நெற்றியைச் சுருக்கினார். ஓடிப்போய் இன்னும் கொண்டுவந்தான். அவர் தற்செயலாகப் புன்னகை செய்தார். உடனே நிறுத்திக்கொண்டான். அப்போது அங்கே பதினாறு தேங்காய் இருந்தது.

மூன்றாம் நாள், ஆளுக்கு ஓர் ஓலையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நாட்டில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தத்தன் அப்படிச் சொல்லவில்லை. ஓலையை வாயில் போட்டு மென்றான். தும்பனும் அப்படிச் சொல்லவில்லை. ஓலையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். தலைகீழாகப் பிடித்தான். உதடுகளை அசைத்தான். நெற்றியில் வியர்வை பொடித்தது.

"என்ன எழுதியிருக்கிறது தும்பா?" என்று கேட்டார் பெருநம்பி.

"நல்லதுதான் எழுதியிருக்கு ஐயா."

அது அவனுடைய மரண தண்டனை ஓலை.

பெருநம்பி அந்த ஓலையை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். பிறகு தும்பனின் தாய் வெள்ளச்சியைக் கூப்பிட்டு அனுப்பினார். "உன் பிள்ளை ஏன் தெரியாது என்று சொல்வதே இல்லை? எதைக் கேட்டாலும் ஏன் ஆமாம் என்கிறான்?"

வெள்ளச்சி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான்தான் பழக்கினேன் சாமி. நடக்கவே அஞ்சு வருஷம் ஆச்சு அவனுக்கு. பேச இன்னும் ஆச்சு. தெரியாதுன்னு சொன்னா சிரிச்சாங்க. இல்லைன்னு சொன்னா அடிச்சாங்க. ஆமாம்னு சொல்லுடா, விட்டுடுவாங்கன்னேன். அந்த ஆமாம்தான் அவன் கழுத்துக்கு வரும்னு எனக்குத் தெரியலையே."

பெருநம்பி ராஜாவிடம் போனார். "மகாராஜா, எனக்கு விடை கிடைத்தது. நடிக்கிறவன் தனக்குத் தெரிந்ததை எல்லாம் மறைக்கிறான். தும்பன் தனக்குத் தெரியாததை மறைக்கிறான். நான் இத்தனை வருஷம் முதல் வகையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டாம் வகை என் கண்முன்னே வந்து நின்று ஆமாம் சொல்லியிருந்தால், நான் தண்டனை எழுதி வாளுக்கு அனுப்பியிருப்பேன். எத்தனை பேரை அனுப்பினேனோ." சொல்லும்போது அவர் குரல் இறங்கியது.

"இரண்டுக்கும் நடுவில் ஒருவன் வந்தால்?" என்று ராஜா கேட்டார். கேட்காமல் இருக்க முடியாதே!

"அவனை வளர்த்தவர்களைக் கேட்போம். அவனோடு வேலை செய்தவர்களைக் கேட்போம். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் உயிரை விட்டுவைப்போம். உயிரோடு இருக்கிறவனை நாளைக்கும் கேட்கலாம். வெட்டின தலையிடம் எதைக் கேட்பது?"

இனிச் செம்பி பேச வேண்டியிருந்தது. ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்து அவள் எதிரில் நின்றார்.

"முதல் நாள் இவன் தலை எனக்கு வேணும்னுதான் வந்தேன்" என்றாள் செம்பி. "நேற்றுச் சிறைக்குப் போய் இவன்கிட்டே நேராகச் சொன்னேன். என் வீட்டுக்காரர் செத்துப்போனார், நீதான் காரணம்னு சொன்னேன். ஆமாம்னான். நான் அழுதேன். அவனும் அழுதான். அப்புறம், நீலண்ணன் எப்போ வருவாருன்னு கேட்டான்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என் கோபம் போகலை மகாராஜா. போகும்னும் தோணலை. ஆனால் நான் எதை இழந்தேன்னு இவனுக்குப் புரியவைக்க என்னாலேயே முடியலை. வாளால் மட்டும் எப்படி முடியும்? இவன் தலை எனக்கு வேண்டாம்."

"தத்தன்?"

அவள் தத்தனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயில் எச்சில் இல்லை இப்போது. அவளைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவருக்கு எல்லாம் புரியுது. இருந்து அனுபவிக்கட்டும்."

தத்தன் ஆயுள் முழுதும் காவலோடு ஏரிக்கரைக்கு மண் சுமந்தான். அவன் நிலம் செம்பிக்குப் போனது. தும்பனை ஊரில் தனியே விடவில்லை. அவன் செய்தது சின்னக் காரியம் அல்லவே. அரண்மனை மாட்டுக் கொட்டடியில், இரண்டு பேர் கண்பார்வையில், மாடுகளைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். வெள்ளச்சியும் கூடவே இருந்தாள். அவள் காலத்துக்குப் பிறகு கொட்டடிக்காரர்கள் அவனுக்குச் சோறு போட்டார்கள். செம்பி அந்தப் பக்கம் ஒருநாளும் போகவில்லை. அதற்காக அவளை யாரும் குறை சொல்லவும் இல்லை. தும்பன் தலை முழுதும் நரைத்து, ஒரு மழைக்காலத்தில், படுத்த பாயிலேயே இறந்தான்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: தான் செய்தது என்ன, தனக்குச் செய்யப்படுவது என்ன என்று முழுதாக அறிய முடியாதவனின் உயிரை எடுப்பது நீதி ஆகாது.