ஒன்பதாவது சன்னல்

வெள்ளமுனை மடத்துச் சுவாமிக்கு நாற்பத்திரண்டு வயது. அவருடைய சீடருக்கு அறுபத்தொன்று. சீடர் முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். அதனால் ஊரே அவரை 'சார்' என்று கூப்பிட்டது. சுவாமியும் அப்படித்தான் கூப்பிட்டார். குருவே சீடனை 'சார்' என்று கூப்பிடும் கூத்து அந்த மடத்தில் மட்டும்தான் நடந்தது.

சாருடைய பெயர் கலியமூர்த்தி.

மடம் கடலிலிருந்து கூப்பிடு தூரம். சுற்றிலும் உப்பளம். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஓலை வீடுகள். புயல் என்றால் அத்தனை பேரும் மடத்துக் கூடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். கூடத்துக்குப் பன்னிரண்டு சன்னல், எல்லாம் ஆள் உயரம், இரட்டைக் கதவு. காற்றில் கதவு பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க உள்பக்கம் குறுக்கே ஒரு தேக்குக் கட்டை போடுவார்கள். கட்டையைத் தாங்க இரண்டு பக்கமும் இரும்புக் கொக்கி அடித்திருக்கும்.

உப்புக் காற்றுக்கு இரும்பு என்றால் கொள்ளை ஆசை. வெளியே திருகாணியின் தலை நன்றாகத்தான் தெரியும். உள்ளே ஒன்றும் இருக்காது. அதனால் வருடா வருடம் புரட்டாசியில் பன்னிரண்டு சன்னலையும் கழற்றிப் பார்ப்பார்கள். துருப்பிடித்ததை மாற்றி, தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு, ஊதிப்போன மரத்தை இழைத்து வைப்பார்கள். சரிபார்த்த சன்னலுக்கு ஆயுத பூசை அன்றைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். பார்த்தவர் யாரோ அவரே வைக்க வேண்டும்.

ஊருக்கு அந்தப் பொட்டு ஒன்று போதும். பொட்டு வைத்த சன்னலுக்குக் கீழே தைரியமாகப் பிள்ளையைப் படுக்கவைப்பார்கள். முந்தின வருடம் இரண்டு சன்னலுக்குப் பொட்டு இல்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

இந்த வருடம் கலியமூர்த்தி முன்னால் வந்து நின்றார்.

"ஆசாரியெல்லாம் எதுக்கு சாமி? பன்னிரண்டையும் நானே முடிச்சிடறேன்."

"முடியுமா சார்?"

"ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்ச்சவன் நான். பன்னிரண்டு சன்னல் என்ன பெரிய விஷயம்?"

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் செய்தார். மூட்டு வலியோடு ஏணியில் ஏறி இறங்கி எட்டு சன்னலைச் சுத்தமாக முடித்தார். ஒன்பதாவதில் திருப்புளியை வைத்துத் திருகினார். இடப்பக்கக் கொக்கியின் திருகாணி, தலை மட்டும் கையோடு வந்தது. அடுத்ததும் அப்படியே வந்தது. நாலு திருகாணியில் மூன்றின் தலை அவர் உள்ளங்கையில் கிடந்தது. துளைக்குள் துருப்பொடிதான் இருந்தது, மரமும் உளுத்திருந்தது. இனி அது ஆசாரி பார்க்க வேண்டிய வேலை.

மிச்சமிருந்த மூன்று சன்னலையும் முடிப்பதற்குள் பூசைக்கு முதல் நாள் வந்துவிட்டது. ஆசாரி வேண்டாம் என்று சொன்னவர் அவரேதான். சுவாமியிடம் மட்டுமா சொன்னார்? டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லியிருந்தார்.

பள்ளிக்கூடத்துக்கு ஆய்வு வரும் நாளில், காலொடிந்த பெஞ்சைச் சுவரோரம் தள்ளி மேலே துணி விரித்துவிடுவார்கள். கலியமூர்த்திக்கு அது கை வந்த கலை. மரத்தூளையும் பசையையும் குழைத்து மக்கு தயார் செய்தார். துளைகளை அடைத்தார். மூன்று தலைகளையும் அதில் அழுத்தினார். மேலே பச்சைப் பெயிண்ட் அடித்தார். பூசை முடியட்டும், அப்புறம் ஆசாரியைச் சத்தமில்லாமல் கூப்பிட்டுச் சரிசெய்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் பன்னிரண்டு சன்னலுக்கும் பொட்டு வைத்தார். ஒன்பதாவதுக்கும் வைத்தார்.

சுவாமி சுண்டலைத் தின்றுகொண்டே கூடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"ஒன்பதாவது எப்படி சார்?"

"பிரமாதம் சாமி."

சுவாமி தலையாட்டிவிட்டுப் பத்தாவது சன்னலுக்குப் போனார்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஆசாரியைப் பார்க்க நேரம் வாய்க்கவில்லை என்று கலியமூர்த்தி நினைத்துக்கொண்டார். ஆசாரி தினமும் மடத்து வாசல் வழியாகத்தான் சைக்கிளில் போனார்.

ஒரு நாள் சுவாமி மறுபடி கேட்டார். "சன்னல் விஷயமா ஏதாவது சொல்லணுமா சார்?"

"என்ன சாமி சொல்லணும்? எல்லாம் கச்சிதம்."

கார்த்திகையில் மூன்றாவது தடவை கேட்டார். "மனசுல ஏதாவது கிடக்கா சார்?"

"ஒண்ணும் இல்லையே."

மறுநாள் காலையில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிப் புயல் எச்சரிக்கை சொல்லிக்கொண்டு போனார்கள்.

மதியத்துக்குள் கூடத்தில் நூற்று நாற்பது பேர் வந்துவிட்டார்கள். பவுனம்மாவும் வந்தாள். உப்பளத்தில் பலகை பிடித்து உப்பு வாருகிறவள், புருஷன் இல்லாதவள். இடுப்பில் நாலு வயது மகள் இனியா. பவுனம்மா கூடத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். ஒன்பதாவது சன்னலில் பொட்டு இருந்தது. அதற்குக் கீழே பாயை விரித்தாள்.

கலியமூர்த்தி எழுந்து அவளிடம் போனார்.

"அங்க வேண்டாம்மா. இந்தப் பக்கம் வந்துடேன்."

"ஏன் சார்? பொட்டு வச்சிருக்கே?"

நூற்று நாற்பது பேரும் அங்கேதான் இருந்தார்கள். பத்துப் பேராவது திரும்பிப் பார்த்தார்கள்.

"சாரல் அடிக்கும்" என்றார்.

பவுனம்மா சிரித்தாள். "போங்க சார். வெயில்லயும் உப்புலயும் கிடக்கறவங்களுக்குச் சாரல் என்ன பண்ணும்?"

கலியமூர்த்தி திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்று மணிக்குக் காற்று திசை மாறித் தெற்கிலிருந்து அடித்தது. முதல் அடிக்கே ஒன்பதாவது சன்னலின் கொக்கி பிடுங்கிக்கொண்டது. கட்டை சரிவதைப் பார்த்த பவுனம்மா பிள்ளையின்மேல் கவிழ்ந்தாள். பிள்ளைக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. அவளுக்குத் தோள் எலும்பு இரண்டாக உடைந்தது.

முதலில் ஓடியவர் கலியமூர்த்திதான். கூடத்து மேசையை நிமிர்த்திச் சன்னலில் வைத்து, காற்று அடங்கும்வரை இரண்டு மணி நேரம் முதுகால் முட்டுக்கொடுத்து நின்றார். அப்புறம் கேட்க வேண்டுமா? ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. சார் மட்டும் இல்லையென்றால் நம் கதி அதோகதிதான் என்று பார்க்கிறவர்களெல்லாம் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து பவுனம்மா நேராக மடத்துக்கு வந்தாள். ஒரு பக்கத் தோளும் கையும் கட்டுக்குள் இருந்தன.

"ஒத்தக் கையால கும்பிடறேன். தப்பா நினைச்சுக்காதீங்க சார்."

கலியமூர்த்தி சரி சரி என்று கையை மட்டும் ஆட்டினார். அவள் போன பிறகு கொல்லைப் பக்கம் போய் நின்றார். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. இப்படி ஒரு வெட்கம் அந்த மனிதருக்கு அதற்கு முன்னால் வந்ததே இல்லை. இரவும் மறுநாள் பகலும் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் சுவாமியைத் தேடி வந்தார். சுவாமி ஒன்பதாவது சன்னலின் கீழே உட்கார்ந்து மிச்சமிருந்த கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சாமி, மூணு திருகாணிக்குத் தலை மட்டும்தான் இருந்துச்சு. மக்கு வச்சு ஒட்டினேன்."

சுவாமி கழற்றுவதை நிறுத்தவில்லை.

"தை பொறந்தா உப்பு வேலை. அவளால பலகை பிடிக்க முடியாது. நான் செஞ்ச காரியம்."

"ம்."

"அவகிட்ட சொல்லணுமா சாமி?"

சுவாமி நிமிர்ந்து பார்த்தார். கலியமூர்த்தி வேகமாகப் பேசினார்.

"எனக்காகக் கேக்கல. கடல்ல இன்னொரு புயல் உருவாகுதுன்னு ரேடியோவுல சொல்றாங்க. விஷயம் தெரிஞ்சா யாரும் மடத்தை நம்பி வரமாட்டாங்க. ஓலை வீட்டுலயே கிடந்து சாவாங்க. ஊர் நன்மைக்காகச் சொல்லாம இருந்தா என்ன?"

பேசி முடித்ததும் அவருக்கே தன் குரல் பிடிக்கவில்லை.

சுவாமி திருப்புளியைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"எங்க சாமி?"

"பவுனம்மா வீட்டுக்கு."

"நான்தானே போகணும்?"

"நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம். எனக்கு அங்க வேலை இருக்கு."

"உங்களுக்கு என்ன வேலை?"

"பூசை அன்னைக்கே எனக்குத் தெரியும் சார்."

கலியமூர்த்தி அப்படியே நின்றுவிட்டார்.

"கொக்கியத் தொட்டுப் பாத்தேன். பெயிண்டுக்குக் கீழ மக்கு காயாம இருந்துச்சு."

"அப்ப ஏன் சாமி சொல்லல? நீங்களே ஆசாரியக் கூப்பிட்டிருக்கலாமே!"

"கூப்பிட்டிருக்கலாம். நீங்களா வந்து சொல்லணும்னு காத்திருந்தேன். சொன்னா உங்க மனசுல ஒரு முடிச்சு அவிழும்னு நினைச்சேன். அதுக்குத்தான் மூணு தடவை கேட்டேன்."

சுவாமி வாசற்படியில் நின்று திரும்பினார்.

"பவுனம்மா பாய் விரிச்சதையும் பாத்தேன். நீங்க எழுந்து அவகிட்ட போனதையும் பாத்தேன். இதோ சொல்லிடப் போறாருன்னு எனக்குச் சந்தோஷம்கூட வந்துச்சு சார். நீங்க சாரல்னு சொல்லிட்டுத் திரும்பினீங்க. அப்பவும் காத்திருந்தேன். பாயை எடும்மான்னு சொல்ல எனக்கும் வாய் இருந்துச்சு."

கலியமூர்த்திக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது. பழி தன்மேல் மட்டும் இல்லை என்கிற நிம்மதி அது. அது நிம்மதிதான் என்று தெரிந்ததும் கூனிக் குறுகிப்போனார். சுவாமியின் பின்னால் நடந்தார்.

பவுனம்மாவின் வீட்டுக் கூரையில் பாதி ஓலை, பாதி தார்ப்பாய். சுவாமியைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"வாங்க சாமி. வாங்க சார். உக்கார ஒரு பலகைகூட இல்லையே!"

சுவாமி வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"பவுனம்மா, அந்தச் சன்னல் கொக்கி நிக்காதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டு மாசமாத் தெரியும். நீ அங்க பாய் விரிச்சப்பவும் தெரியும். நான் சொல்லாம இருந்துட்டேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"என் புள்ள படுத்திருந்துச்சே சாமி! நீங்கள்லாம் ஒரு சாமியா? காவியக் கட்டிக்கிட்டு எங்க தலையிலதான் கட்டையப் போடுவீங்களா?"

சுவாமி தலை குனிந்திருந்தார். அவள் விடவில்லை. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து கூடினார்கள். ஒருவர், "என்ன சாமி இது, ச்சீ" என்றார். சுவாமி அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கலியமூர்த்தி வாசலில் நின்றார். அவர் பக்கம் யாரும் திரும்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், எல்லாம் சுவாமியோடு முடிந்துவிடும். ஊரில் அவர் எப்போதும்போல 'சார்' ஆகவே இருக்கலாம். அந்த வழி எவ்வளவு சுலபமாகத் திறந்து கிடக்கிறது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"மக்கு வச்சு ஒட்டினவன் நான்" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"திருகாணி போனது எனக்குத்தான் முதல்ல தெரியும். ஆசாரியக் கூப்பிட வெட்கப்பட்டுக்கிட்டு அடைச்சு வச்சேன். பொட்டும் வச்சேன். சாரல்னு உன்கிட்ட பொய் சொன்னேன்."

பவுனம்மா அவரைத் திட்டவில்லை. குரல் இறங்கிப்போயிருந்தது.

"கும்பிட்டேனே சார். ஒத்தக் கையால உங்களக் கும்பிட்டேனே. அப்பக்கூட உங்களுக்கு வாய் வரலியா?"

கலியமூர்த்தி அழுதார். அவள் அதைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போங்க ரெண்டு பேரும். அடுத்த புயல் வருதாம். நாளைக்கே ஆசாரிய வரச்சொல்லுங்க. பன்னிரண்டு சன்னல் கொக்கியையும் இந்த ஒரு கையால நான் இழுத்துப் பாப்பேன். அதுக்கப்புறம்தான் என் புள்ள உள்ள வரும்."

"எங்க புள்ளைங்களும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

இரண்டு பேரும் உப்பளத்து வரப்பில் திரும்பி நடந்தார்கள். பாத்திகளில் மழைத் தண்ணீர் நின்றது. கலியமூர்த்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரை ஒன்று உறுத்திக்கொண்டே வந்தது.

"சாமி, அங்க என் பேரை ஏன் சொல்லல? அவ்வளவு பேர் திட்டும்போதும் சொல்லல. நானே வாய் திறக்கட்டும்னு இன்னைக்கும் காத்திருந்தீங்களா?"

சுவாமி நடந்துகொண்டே சொன்னார்.

"இல்ல சார். இன்னைக்கு உங்க ஞாபகமே வரல."