அக்கரைச் சத்தம்

"டீச்சர், இந்த மூணுல எதுக்குச் சத்தம் ஒசத்தி?"

இசக்கியப்பன் மூன்று சின்னப் பெட்டிகளைப் பாயில் வரிசையாக வைத்தார். மூன்றும் வயர் இல்லாத இயர்பட்கள். ஒன்றைவிட ஒன்று விலை கூடியது. கடைசிப் பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

பரிபூரணம் டீச்சர் பெட்டிகளைப் பார்க்கவில்லை. அவர் விரல்களைப் பார்த்தார்.

"எதுக்கு வாங்குனீங்க அண்ணாச்சி?"

"வாசிச்சுப் பழக."

இசக்கியப்பனுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. பகலில் தபால் ஆபீஸில் குமாஸ்தா. சாயங்காலம் கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவுக்கு ரிதம் பேட் வாசிப்பார். ரப்பர் தட்டில் குச்சியால் அடித்தால் தபேலாவும் டோலக்கும் ஸ்பீக்கரில் பேசுமே, அந்த எலெக்ட்ரானிக் பேட். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் அவர் இடம். கடிதங்களில் முத்திரை குத்தும்போதுகூட அவர் கை தாளம் தப்பாது என்று கவுண்டரில் நிற்கிறவர்கள் சொல்வார்கள்.

டீச்சருக்கு வயது இருபத்தொன்பது. குறுக்குத்துறைப் பக்கம், ஆற்றைப் பார்த்த ஒரு மாடியறையில் தாளம் சொல்லிக்கொடுக்கிறார். அவரிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். யார் வாசிப்பில் என்ன கோளாறு என்றாலும், "போய் டீச்சர் காதுல போட்டுட்டு வா" என்பார்கள்.

"பழகி?"

"மேடையில ஸ்பீக்கர்ல வாசிச்சா கை தாளத்தை முந்துது டீச்சர்."

"எப்ப இருந்து?"

"தையில லேசா ஆரம்பிச்சுது. இப்ப நல்லாவே முந்துது. எங்க குழுவுல பாடுற சாமுவேல் துரை, பாட்டுக்கு ஒருக்கா திரும்பிப் பாத்தவரு, இப்ப வரிக்கு ஒருக்கா திரும்பிப் பாக்காரு. போன வாரம் சொல்லிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"ஞாயித்துக்கெழம பாளையங்கோட்டையில கல்யாணம். அதுலயும் முந்துனா பேட்டை வேற ஆளுக்குக் குடுத்துருவாராம். 'நீங்க கோரஸ்ல நின்னு கைதட்டுங்க அண்ணாச்சி'ன்னாரு."

"கைதட்டவா?"

"கைதட்டத்தான்."

அதைச் சொல்லும்போது அவர் குரல் பாயோடு பாயாகக் கிடந்தது.

கைக்குட்டையால் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார்.

"சத்தம் துல்லியமா காதுல விழுந்தா கை நிதானத்துக்கு வந்துரும்னு நெனச்சேன். பழகுறதுக்குன்னு தையிலயே ஒண்ணு வாங்கியிருந்தேன். பத்தல. சித்திரையில அதைவிட ஒசத்தி. பத்தல. ஆவணி பொறந்ததும் இது. கடையிலயே இதுதான் தலை. தீவாளிக்கு இதுக்கு மேல ஒண்ணு வருதாம்."

"இன்னைக்கு என்ன கெழம?"

"புதன்."

"தீவாளி வரைக்கும் அந்தக் கல்யாணம் காத்திருக்காது" என்றார் டீச்சர். "குடுங்க, கேப்போம்."

டீச்சர் ஒரே பாட்டை மூன்று தரம் கேட்டார். தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு. கண்ணை மூடிக்கொண்டார். மூன்றிலும் சத்தத்தை ஒரே அளவில் வைத்துக்கொண்டார். கூடுதலாக ஒலிப்பது நல்லதாகத் தோன்றிவிடும் என்பதால்.

இசக்கியப்பன் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார்.

"மொதல்ல உள்ளது இரைச்சல். ரெண்டாவது பரவாயில்ல, ஆனா டோலக்குக்குத் தொப்பை போட்டிருக்கு. மூணாவதுதான் ஒசத்தி."

"நெசமாவா?"

"பாடுறவர் மூச்சு எடுக்கிறது கேக்கு. கஞ்சிராக்காரர் தோல்ல தண்ணி தடவுறதுகூடக் கேக்கு. நல்ல சாமான் அண்ணாச்சி. ஏமாறல."

அவர் முகம் மலர்ந்தது.

"வலது காதுல மட்டும் பெரிய ரப்பர் போடுங்க. உங்களுக்கு அந்தக் காது அகலம்."

"எங்க அம்மையும் அதையேதான் சொல்லுவா."

பிறகு அவர் முகம் வாடியது.

"அப்ப கை ஏன் டீச்சர் முந்துது?"

டீச்சர் அவர் கொண்டுவந்திருந்த பேட்டைச் சுட்டினார்.

"சத்தம் இதுல இருந்து காதுக்கு எப்படிப் போகுது?"

பேட்டின் பின்பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி செருகியிருந்தது. இசக்கியப்பன் அதைத் தடவிக்கொடுத்தார்.

"இது பார்சல் கட்டும் டீச்சர். சத்தத்தைப் பார்சல் கட்டிக் காத்துல அனுப்பும். காதுல இருக்கிறது அதைப் பிரிச்சுக் குடுக்கும். மட்டமான சாமான் சின்னப் பார்சலா கட்டுமாம். பாதியை வெளியவே விட்டுரும். இது பெரிய பார்சல். ஒரு பொட்டு விடாது. என் மவன்தான் வெளக்கிச் சொன்னான்."

"தபால் ஆபீஸ்காரர் வீட்டுப் பிள்ளை. வேற எப்படிச் சொல்லும்."

"புத்திசாலி டீச்சர் அவன்."

"அதுக்கு முன்னாடி எதுல பழகுனீங்க?"

"பழைய ஹெட்போன் ஒண்ணு. நீட்டு வயர். வீட்ல கொடிக்கயிறு அந்துபோச்சுன்னு வீட்டுக்காரி ஹெட்போனோட அந்த வயரை எடுத்துக் கட்டிட்டா. இப்ப அதுல என் சட்டை காயுது."

டீச்சர் சிரிக்கவில்லை. "வாசிங்க" என்றார்.

இசக்கியப்பன் மூன்றாவது ஜோடியைக் காதில் செருகிக்கொண்டார். பேட்டுக்குள் ஏற்றி வைத்திருந்த ஒரு பாட்டை ஓடவிட்டார். அதோடு சேர்ந்து வாசித்தார்.

பாட்டு அவர் காதுக்குள் மட்டும் ஓடியது. அறையில் கேட்டதெல்லாம் ரப்பரில் குச்சி படும் சத்தம்தான். டப், டப், டடப்.

வாசித்து முடித்து இயர்பட்களைக் கழற்றியபோது அவர் நெற்றி மினுங்கியது.

"ஒரு அடி தப்பல டீச்சர். அம்சமா விழுந்துது."

"காதுலயா?"

"காதுலதான்."

"வெளிச் சத்தம் எதாவது உள்ள வந்துதா?"

"மூச். பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது. அப்படி அடைச்சிரும்."

"உங்க குச்சி ரப்பர்ல படுற சத்தம்?"

"அதுவும் வராது. அதுக்குத்தான டீச்சர் இவ்வளவு ஒசத்தி."

டீச்சர் எழுந்தார்.

"வாங்க, ஆத்துக்குப் போவோம்."

"ஞாயித்துக்கெழம கச்சேரி டீச்சர்."

"அதான் இன்னைக்கே போறோம்."

படித்துறையில் யாரும் இல்லை. தாமிரபரணி அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் நின்று, ஒரு சிவப்புப் போர்வையைக் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா அடிக்கும்போது நீங்க கை தட்டுங்க."

"கைதட்டவா?" இசக்கியப்பனுக்குச் சுருக்கென்றது. "இப்பவே பழகிக்கிடச் சொல்லுதீங்களா?"

"தட்டுங்க அண்ணாச்சி."

அவர் தட்டினார். அக்கரைச் சத்தம் வரவர, அதோடு ஒட்டித் தட்டினார். இருபத்திரண்டு வருஷக் கை. நான்காவது அடியிலேயே பிடித்துக்கொண்டது.

"கேட்டுத் தட்டாதீங்க. பாத்துத் தட்டுங்க. போர்வை கல்லுல படுற நேரம்."

அவர் பார்த்தார். போர்வை மேலே போனது. கீழே வந்தது. தட்டினார்.

தட்டியபிறகு சத்தம் வந்தது.

மறுபடி தட்டினார். மறுபடியும் அவர் கை ஓசைக்குப் பின்னாலேயே கல்லின் ஓசை நடந்து வந்தது.

"பாருங்க, பாருங்க! இங்கயும் முந்துது டீச்சர்!"

"போர்வை கல்லுல படுறப்பதான தட்டுனீங்க?"

"ஆமா."

"அப்ப யாரு முந்துனா?"

இசக்கியப்பன் கையைக் கீழே போட்டுவிட்டு வெறுமனே பார்த்தார். போர்வை கல்லில் பட்டது. மறுபடி தூக்கத் தொடங்கியாயிற்று. அப்புறம்தான் சத்தம் வந்தது. பட்டது. தூக்கியாயிற்று. சத்தம். சின்னப் பையன்போல அவருக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு படி கீழே இறங்கிக் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார்.

அக்கரைப் பெண் போர்வையைக் கல்லில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். இடுப்பில் கையை வைத்தாள்.

"ஏ அண்ணாச்சி! உங்க வீட்டுப் பொம்பள துணி தொவைச்சுப் பாத்ததே இல்லையோ?"

அவர் ஒரு படி மேலே ஏறிக்கொண்டார்.

"தாளம் படிக்காரு, அக்கா!" என்று டீச்சர் குரல் கொடுத்தார்.

"என் போர்வையிலயா?"

"ஆமாக்கா! நீங்க அடிங்க!"

அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தச் சத்தம் இக்கரைக்கு வரவில்லை. பிறகு போர்வையை எடுத்து, முன்னைவிட ஓங்கி அடிக்கத் தொடங்கினாள்.

டீச்சர் படியில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். இங்க நிக்கிற உங்களுக்குச் சரியான நேரத்துல கேக்கணும்னா, அந்தக்கா என்ன செய்யணும்?"

"இது என்ன கேள்வி. கொஞ்சம் முன்னாடியே அடிக்கணும்."

"ஏழு மாசம் அப்படியே அடிச்சுப் பழகிட்டாங்க. ஒருநாள் நீங்க அக்கரைக்குப் போயி அந்தக் கல்லு பக்கத்துல நிக்கீங்க. அப்ப?"

"அப்ப என்ன, முந்திக்கிட்டுத்தான்..."

இசக்கியப்பன் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

அவர் கை தானாகக் காதுக்குப் போனது.

"ஆனா டீச்சர், அது காதுக்குள்ளல்லா இருக்கு. காதுக்குள்ள."

டீச்சர் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இசக்கியப்பன் படியேறினார். பிறகு ஓடினார். மாடியறையில் பேட் இன்னும் விளக்கு எரியக் கிடந்தது. மூன்றாவது ஜோடியில் ஒன்றை மட்டும் எடுத்து இடது காதில் செருகினார். வலது காதைத் திறந்து விட்டார். குச்சியை ஓங்கி ஒரே ஒரு அடி அடித்தார்.

வலது காதில், டப்.

இடது காதில், திம்.

இன்னொரு அடி.

டப். திம்.

ஒரு கைக்கு இரண்டு சத்தம். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆறு.

டீச்சர் நிதானமாக மேலே வந்தபோது அவர் முதல் ஜோடியைக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இடைவெளி குறுகலாக இருந்தது. இரண்டாவதில் கொஞ்சம் அகலம். மூன்றாவதில்தான் ஆறு.

"பெரிய பார்சல்" என்றார் இசக்கியப்பன்.

டீச்சர் தலையசைத்தார்.

"இருபத்தாறு வருஷமா கவுண்டர்ல உக்காந்து நாந்தான் டீச்சர் சொல்லுதேன். பெரிய பார்சல்னா மெதுவாத்தான் போயிச் சேரும், முன்கூட்டியே அனுப்புங்கன்னு. நாந்தான் சொல்லுதேன்."

அவர் தன் வலக்கையை மடியில் வைத்து இடக்கையால் தடவினார். ஏதோ அதைத் திட்டிவிட்டவர்போல.

"நாலு நாள்ல திரும்பிருமா?"

"சொன்ன பேச்சு கேக்குற கை அண்ணாச்சி அது. கேட்டதாலதான் முந்துச்சு. நாலு நாளைக்கு வேற பேச்சு சொல்லுங்க."

"அப்ப இந்த மூணாவதை என்ன செய்ய?"

"பஸ்ஸுல போகும்போது பாட்டு கேளுங்க. பாடுறவர் மூச்சு எடுக்கிறது கேக்கும்னு சொன்னேன்லா."

அன்று சாயங்காலம் இசக்கியப்பன் வீட்டுக்குப் போனார். காலிலிருந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய்க் கொடிக்கயிற்றை அவிழ்த்தார். நான்கு சட்டையும் ஒரு சேலையும் தரையில் விழுந்தன.

"என்னங்க இது அநியாயமா இருக்கு? இப்பத்தான் அலசிக் காயப்போட்டேன்!"

"இன்னொருக்கா அலசு" என்றார் அவர், வயரைத் தோளில் சுற்றிக்கொண்டே. "கல்லுல அடிக்கும்போது மட்டும் என்னையக் கூப்பிடு."

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை மண்டபத்தில் சாமுவேல் துரை முதல் பாட்டை எடுத்தார். பல்லவி முடிந்தது. திரும்பவில்லை. முதல் சரணம். திரும்பவில்லை. பாட்டு முடிந்து கைதட்டல் வந்தது. அப்போதும் திரும்பவில்லை.

இரண்டாவது பாட்டுக்கு நடுவில் ஒரே ஒரு தரம் திரும்பினார்.

வாசிப்பது அதே ஆள்தானா என்று பார்க்க.