காற்றில் அடுக்கிய முப்பத்தாறு கல்

முன்னொரு காலத்தில், வேலைவெட்டி அதிகமில்லாத ஓர் அரசருக்கு, அரியணையை உயரத்தில் ஏற்றிவைத்து உட்கார ஆசை வந்தது. ஆசைப்பட்டது அவர், முதுகொடிந்தது கல்தச்சன் உடையப்பனுக்கு. நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு முழம் இருக்கும் கருங்கற்களால் அவன் மேடை கட்டினான். மேடையின் நீளம் ஆறு முழம், அகலம் நான்கு முழம். பின்பாதி நான்கு முழ உயரம். அங்கேதான் அரியணை. முன்பாதியோ ஒரே ஒரு முழ உயரம்.

மேடையைக் கண்டதும் அரசருக்கு அடுத்த ஆசை முளைத்தது. தம் பிள்ளைகளின் அறிவைச் சபைக்குக் காட்ட வேண்டுமாம்.

"இதில் எத்தனை கல் இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்."

பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். மூன்று வருடமாக அவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தரும் திருமேனிநாத பண்டிதர் முந்திக்கொண்டார்.

"நீளம் ஆறு, அகலம் நான்கு, உயரம் நான்கு. பெருக்கினால் தொண்ணூற்றாறு, மன்னா."

"அறுபது கல்தான் வைத்தேன், சாமி" என்றான் உடையப்பன்.

"அப்படியானால் முப்பத்தாறு கல்லைத் திருடிவிட்டான்" என்றார் பண்டிதர். சபை மொத்தமும் ஆமாம் போட்டது. அரண்மனைப் பொருளைத் திருடினால் வலது கையை வெட்டுவது அந்நாட்டுச் சட்டம். அரசர் வாளைக் கொண்டுவரச் சொன்னார்.

அரசவை விகடன் செங்கோடன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். கை போனால் தச்சனுக்குப் பிழைப்பு ஏது? பண்டிதர்மேல் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபம் அங்கே விலை போகாது. பல்லை இளித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"மன்னா, இவ்வளவு பெரிய கணக்கைச் சொன்னவரைக் கீழே நிற்க வைக்கலாமா? மேலே ஏற்றி மாலை போட வேண்டாமா?"

அரசர் தலையசைத்தார். பண்டிதர் ஏணிவழியாக ஏறி அரியணைக்கு முன்னால் நின்றார். முகமெல்லாம் பல். செங்கோடன் மாலையோடு மேடைக்கு எதிரே போய் நின்றான்.

"பண்டிதரே, இன்னும் நாலடி முன்னால் வாருங்கள்."

"இதற்குமேல் எங்கே வருவது? விழுந்துவிடுவேன்."

"ஏன் விழப்போகிறீர்கள்? தங்கள் கணக்குப்படி அங்கேயும் நான்கு முழத்துக்குக் கல் இருக்கிறதே. தாராளமாக நடக்கலாம்."

"நடங்கள்" என்றார் அரசர்.

பண்டிதர் அரியணையின் காலைப் பிடித்துக்கொண்டார். "மன்னா, அங்கே வெறும் காற்றுதான் இருக்கிறது."

"கேட்டீர்களா மன்னா? இவர் வாய் தொண்ணூற்றாறு என்கிறது, கால் அறுபது என்கிறது. நான் காலைத்தான் நம்புகிறேன்."

பிறகு செங்கோடன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, உயரம் மாறும் இடத்தைக் காட்டினான். "இதை ஒரே மேடையாகப் பார்க்காதீர்கள். ஒட்டி வைத்த இரண்டு பெட்டி. தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டுங்கள்."

இளவரசி நங்கை விரல்விட்டு எண்ணினாள். "பின்னால் மூன்று, நான்கு, நான்கு. நாற்பத்தெட்டு. முன்னால் மூன்று, நான்கு, ஒன்று. பன்னிரண்டு. மொத்தம் அறுபது." பிறகு அரசரைப் பார்த்தாள். "அப்பா, பிறகு எதற்கு அவர் கையை வெட்டச் சொன்னீர்கள்?"

அரசருக்கு முகம் வெளிறியது. சமாளிக்க வேறு வழியில்லாமல் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்தபின் சபை சிரிக்காமல் இருக்குமா? கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் செங்கோடனுக்குப் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"எனக்கு இது போதும், மன்னா. அந்த முப்பத்தாறு கல்லையும் பண்டிதருக்கே கொடுத்துவிடுங்கள். மூன்று வருடம் பாடம் சொன்னதற்கு அதுதான் சரியான கூலி."

அப்படியே ஆணை பிறந்தது. பண்டிதர் அதையும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். உடையப்பன் வலது கையைத் தடவிப் பார்த்தபடி வீட்டுக்குப் போனான்.