சும்மா நிக்கற வண்டி

நாஞ் சொல்லப்போறதுல ஒரே ஒரு சொல்லு பொய்யின்னாலும் நாளைக்குக் காலைல எம் பல்லு ஒன்னு விழட்டும். ஏற்கெனவே மூணு இல்லையேன்னு பாக்கறீங்க. அதெல்லாம் வேற கதைக்குப் போனது. இது சத்தியம்.

பல்லடத்துக்குப் பக்கத்துல மூடிக் கெடக்கிற பஞ்சு மில்லு ஒன்னு. அந்த மைதானத்துல வருசத்துக்கு ஒருக்கா செம்மண்ணுல கார் ரேஸ் உடுவாங்க. டிவில வர்ற பெரிய ரேஸ் இல்லீங்க. பல் டாக்டரு, கோழிப்பண்ணைக்காரரு, மளிகைக்கடைக்காரரு, இவிகதான் ஓட்டறது. ஒவ்வொரு வண்டியா உடுவாங்க. நட்டுவச்ச பிளாஸ்டிக் கோனைத் தட்டாம சுத்தி வரோணும். சீக்கிரம் வந்தவன் ஜெயிச்சவன். அவ்வளவுதான்.

நடத்தறது சவுடேஸ்வரி. டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கற பொம்பளை. அவதான் நம்ம குரு. சிஷ்யன், மாவு மில்லு நாச்சிமுத்து. குருவுக்கு முப்பத்தாறு, சிஷ்யனுக்கு அம்பத்திரெண்டு. நாப்பத்தஞ்சு வயசுல கிளச்சு எது பிரேக்கு எதுன்னு அவகிட்டத்தான் படிச்சாரு. படிச்ச அன்னைக்கே ஒரு டீக்கடை பெஞ்சை ஒடச்சாரு. அதை உடுங்க.

அவரு அவளை அம்மிணிம்பாரு. அவ அவரை அண்ணாம்பா. மரியாதை ரெண்டு பக்கமும் தாராளமா ஓடுச்சு.

இந்த வருச ரேஸ் நடந்த ஞாயித்துக்கிழமை நாச்சிமுத்து மூஞ்சி புளிச்ச மாவாட்டம் இருந்துச்சு. ஏழு வருசமா ஒரு வருசம் உடாம ஓட்டின மனுசன், இந்த வருசம் ஓட்டலை. மக கௌசிகா மொதத் தடவையா ஓட்டறா. வண்டி ஒன்னுதான், பழைய எண்ணூறு சிசி சின்னக் காரு. ஆனா ஓட்டற ஆளு ஒவ்வொருத்தருக்கும் தனியா என்ட்ரி ஃபீஸ் கட்டோணும். ஐநூறுல ஆரம்பிச்ச ஃபீஸு, இப்ப நாலாயிரம். ரெண்டு பேருக்குக் கட்டிக் கட்டுப்படி ஆகலை. மக பேரை எழுதினாரு, தம் பேரை உட்டுட்டாரு. மககிட்ட முழங்கால் வலின்னு சொல்லி வச்சாரு. காலு கல்லாட்டம் இருக்குது, வலியாவது ஒன்னாவது.

நேரா குருகிட்டப் போனாரு.

"ஏனுங் அம்மிணி, இந்த ஃபீஸு எங்கதானுங்க போயி நிக்கும்? அடுத்த வருசம் என்ற புள்ளையும் ஓட்ட முடியாது போலிருக்குதே."

"எனக்கும் வருத்தந்தானுங்ணா. மொத வருசம் அறுவது பேரு வந்தீங்க. இன்னைக்கு இருவது."

"அப்பக் கொறைங்க."

"எதைக் கொறைக்கட்டுமுங்ணா? நீங்களே சொல்லுங்க."

இதுக்குத்தான் காத்துட்டிருந்தாரு. வெரலை நீட்டினாரு. மில்லுச் செவுத்தோரம் வெள்ளை ஆம்புலன்ஸ் ஒன்னு நின்னுட்டிருந்துச்சு. டிரைவர் கதவைத் தொறந்து போட்டு, வாயையும் தொறந்து போட்டுத் தூங்கறான். உள்ள நர்சம்மா மல்லிப்பூ கட்டிட்டிருக்குது.

"அதைங்க. ஏழு வருசமா வருது. ஒரு ஆளு அதுல ஏறினதில்லை. அவன் தூங்கறதுக்கும் அந்தம்மா பூக் கட்டறதுக்கும் நாங்க காசு அழுகோணுமா? சும்மா நிக்கற வண்டிக்கு எதுக்குங்க துட்டு?"

பின்னால நின்ன பல் டாக்டர், "நியாயந்தானே"ன்னாரு. கோழிப்பண்ணைக்காரரு தலையை ஆட்டினாரு.

சவுடேஸ்வரி கோவிச்சுக்கலை. "சரிங்ணா"ன்னா. நடந்து போயி டிரைவர் தோளைத் தட்டினா.

அவன் கண்ணைக்கூடத் தொறக்காம, "யாருக்குங்க்கா? எங்கீங்க?"ன்னு ஸ்டேரிங்கைப் புடிச்சான்.

"யாருக்கும் ஒன்னுமில்லை தம்பி. நீ கெளம்பு."

ஆம்புலன்சு புழுதி கெளப்பிட்டுப் போயிருச்சு. சவுடேஸ்வரி திரும்பி வந்து ரெண்டு ஐநூறு ரூவா நோட்டை எடுத்து நாச்சிமுத்து இடது கைல வச்சா.

"இந்தாங்ணா. அந்த வண்டிக்கு உங்க பங்கு."

அவரு மூஞ்சில வெளிச்சம் வந்துச்சு. அந்த வெளிச்சம் ஆறறதுக்குள்ள வலது கைல வண்டி கெளப்பி உடற கொடியைக் குடுத்தா.

"மொத வண்டிக்கு நீங்களே கொடியை எறக்கி உடுங்ணா."

"நானுங்களா?"

"மொத வண்டி நம்ம கௌசிகாதானுங்க."

புள்ளை கோட்டுல வந்து நின்னுது. ஹெல்மெட்டுக்குள்ள பல்லு பூராத் தெரியுது. அப்பனுக்குக் கட்டைவெரலைக் காட்டுது.

நாச்சிமுத்து மைதானத்தைப் பாத்தாரு. ரெண்டாவது திருப்பத்துல ஒரு வேப்பமரம். ஏழு வருசமா அதை ஒட்டித்தான் திருப்பினாரு. இன்னைக்குப் பாத்தா, யப்பா, என்ன பருமன்! அதுக்கு அந்தாண்டை மில்லுச் செவுரு. பூச்சு உதுந்து கல்லு கல்லா நிக்குது. இதையெல்லாம் நேத்துதான் எவனோ கொண்டாந்து வச்சிருக்கோணும்.

"அப்பா, கொடி!"

"சித்த இரு சாமி. பெல்ட்டு போட்டியா?"

"போட்டாச்சுங்ப்பா."

"ஹெல்மெட்டு லாக்கு?"

"அதும் போட்டாச்சு."

"கழட்டிட்டு இன்னொருக்கா போடு."

"அப்பா! வண்டி சூடாவுதுங்ப்பா!"

கையைத் தூக்கினாரு. தூக்கின கை எறங்கலை. குரு பக்கத்துலதான் நிக்கறா.

"அம்மிணி... இந்நேரம் எவ்வளவு தூரம் போயிருக்குமுங்க?"

"எதுங்ணா?"

"அதுதானுங்க... அது."

பதிலுக்கு நிக்கலை மனுசன். ஓடினாரு. வேட்டியைத் தூக்கிக் கட்டி, ஒரு கைல கொடி, ஒரு கைல நோட்டு, தொந்தி முன்னால ஓட அது பின்னால அவரு.

கேட்டுகிட்ட ஆம்புலன்சு ஹாரன் அடிச்சுட்டு நிக்குது. கேட்டு பூட்டியிருக்குது. வாட்ச்மேன் கையை விரிக்கறான். "சாவி அம்மாகிட்டல்லங்க இருக்குது!"

நாச்சிமுத்து வண்டிக் கண்ணாடியைப் புடிச்சுட்டே கூட நடந்து, செவுத்தோரம் பழைய எடத்துல கொண்டாந்து நிறுத்தினாரு. ரெண்டு நோட்டையும் குரு கைல திணிச்சாரு. அவ இடுப்புல சாவிக்கொத்து தொங்கறதைப் பாத்தாரு. அவ வானத்தைப் பாத்தா.

கொடி எறங்குச்சு.

கௌசிகா மூணு கோனை ஒடச்சா. ஒருக்கா இஞ்சினை அணைச்சா. இருவது பேருல பத்தொம்பதாவதா வந்தா. கோப்பையே வாங்கின மாதிரி குதிச்சு எறங்கி வந்தா.

"ஏனுங்ப்பா, முழங்கால் வலின்னீங்க. அந்த ஓட்டம் ஓடினீங்க?"

"இப்பத்தான் சாமி வலிக்குது."

அவ அவரை ஒரு நிமிசம் பாத்தா. அவரு தோள்ல கெடந்த துண்டை எடுத்து நெத்தி வேர்வையைத் தொடச்சு உட்டா.

மத்தியானம் டிரைவர் மறுக்காத் தூங்கிட்டான். வெயிலு மூஞ்சில அடிச்சுது. நாச்சிமுத்து சத்தமில்லாம போயி அந்தத் துண்டைக் கண்ணாடில செருகி நெழல் பண்ணினாரு. நர்சம்மா ஒரு மொழம் பூவைக் கிள்ளி, "பாப்பாவுக்கு வச்சு உடுங்க"ன்னு நீட்டுச்சு.

பூவோட குருகிட்ட வந்து நின்னாரு.

"அம்மிணி."

"சொல்லுங்ணா."

"அடுத்த வருசமும் ஃபீஸு ஏறுங்களா?"

"ஏறுமுங்ணா."

"அந்த வண்டியும் வருங்களா?"

"வருமுங்ணா."

"வந்து?"

"வந்து, சும்மா நின்னுட்டுப் போகோணுமுங்ணா."

நாச்சிமுத்து மக தலைல பூவை வைக்கப் போயிட்டாரு.

நீங்க பையைத் தொறங்க. போன மாசம் வரைக்கும் இந்தக் கதைக்கு ஒரு டீதான். இந்த மாசத்துலேர்ந்து டீயோட ஒரு தேங்கா பன்னு. ஏனுங்க மொறைக்கறீங்க? ஊர்ல எல்லாரும் ஏத்தறாங்க, எனக்கு மட்டும் பழைய ரேட்டா?