ஐந்தாவது கொடுமை

அந்தப் பள்ளிக்கு முதலில் வந்த தலைமையாசிரியர் த. அருளானந்தம், எம்.ஏ., எல்.டி. செருப்பில்லாமல் வந்த பையனைப் பங்குனி வெயிலில் கொடிக்கம்பத்தடியில் நிறுத்தினார். பையன் மயங்கி விழுந்தான்.

அடுத்தவர் மு. கோதண்டம், எம்.எஸ்சி., பி.எட். கழிவறை கழுவ ஒரே தெருப் பிள்ளைகளை அனுப்பினார். மறுத்த பெண்ணின் கையில் பிரம்பு முறிந்தது.

மூன்றாமவர் பா. சிங்கராயர், எம்.ஏ., எம்.எட். ஏன் என்று கேட்ட மாணவனின் நன்னடத்தைச் சான்றில் ‘திருப்தியில்லை’ என்று எழுதினார். எந்தக் கல்லூரியும் அவனைச் சேர்க்கவில்லை.

நான்காமவர் வே. நாச்சிமுத்து, எம்.காம்., எம்.எட். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டியிருந்தது. படிப்பு ஏறாத பெண்ணை ஒன்பதாம் வகுப்போடு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார். காரணம் ‘பெற்றோர் விருப்பம்’ என்று எழுதினார்.

இந்த வரிசை ஆசிரியர் அறவாழிக்குத் தலைகீழாய்ப் பாடம். ஆசிரியர் சங்கம் அந்தப் பள்ளி வாசலில் கூட்டம் போடும்போதெல்லாம் அதை உரக்கப் படித்தவர் அவர்தான். கொடுமையைச் சொல்லி, செய்தவர் பெயரைப் பட்டத்தோடு சொல்லுவார். கூட்டம் ‘வெட்கம், வெட்கம்’ என்று முழங்கும்.

அப்படிப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் சங்கச் செயலாளர் தவமணி. போராட்டத்தில் வேலையைப் பறிகொடுத்தவர். துண்டறிக்கைகளிலேயே சட்டம் பயின்றவர். அறவாழிக்குக் குரு என்று ஒருவர் உண்டென்றால் அந்த அம்மாள்தான்.

பணிமூப்பு யாரைக் கேட்டு வருகிறது? அதே பள்ளிக்கு அறவாழி தலைமையாசிரியரானார்.

முதல் நாள், போட்ட மாலை வாடுவதற்குள் எழுத்தர் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மாற்றுச் சான்றிதழ். ஒன்பதாம் வகுப்பு முடித்த பெண். பெற்றோர் விருப்பம். அறவாழியின் பேனா நின்றது. வருஷா வருஷம் நடப்பதுதான் என்றார் எழுத்தர். பெண்ணின் அப்பா வெளியே நிற்கிறார் என்றும் சொன்னார். மேலதிகாரியும் காலையிலேயே தொலைபேசியில் பேசியிருந்தார். நூறு மட்டும் குறையக் கூடாது, மற்றபடி பள்ளி உங்கள் ராஜ்ஜியம் என்றிருந்தார்.

இந்த ஒன்றை விட்டுப் பிடிப்போம், நாற்காலியில் நிலைத்த பிறகு எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று அறவாழி மனசுக்குச் சமாதானம் சொன்னார். கையெழுத்துப் போட்டார். அந்த வேலையில் அவர் போட்ட முதல் கையெழுத்து அது. அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடுதான் அறவாழியை அன்று முழுக்க அறுத்தது.

மாலையில் சங்க அலுவலகத்துக்குப் போனார். தவமணி சுவரொட்டிக்கு மைதாப் பசை கிளறிக்கொண்டிருந்தார்.

“வாங்க, தலைமையாசிரியரே. இங்கே நாற்காலியிலே பூத்துவாலை விரிச்சு வைக்கலை. பரவாயில்லையா?”

அறவாழி தரையில் உட்கார்ந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கரண்டி நிற்கவில்லை.

“திட்டுங்க, தோழர்.”

“திட்டினா உங்களுக்கு ஆறிடும்.”

“நாளைக்கே வாசல்ல கூட்டம் போடுங்க. ஐந்தாவதா என் பெயரைப் படிங்க. நான் வந்து நிற்கிறேன்.”

“எம்.ஃபில். பட்டத்தையும் சேர்த்தா, விட்டுட்டா?”

அறவாழி தலை குனிந்தார்.

“அருளானந்தம் வெயில்ல நிறுத்தினாரே, அந்தப் பையன் பேரென்ன?” என்று கேட்டார் தவமணி.

அறவாழி யோசித்தார்.

“பிரம்பு முறிஞ்ச பொண்ணு?”

அறவாழி உதட்டைப் பிதுக்கினார்.

“சிங்கராயர் எழுதிக் கெடுத்தவன்?”

“உங்களுக்குத் தெரியுமா, தோழர்?”

“தெரியாது.” தவமணி அப்போதுதான் நிமிர்ந்தார். “அந்த நாலு பேரோட பட்டம் தெரியும். பிறந்த ஊர் தெரியும். யாருக்கு எந்த வருஷம் ஓய்வு, அதுவும் தெரியும். இத்தனை காலமும் அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கிட்டு நின்னிருக்கோம், நீங்களும் நானும்.”

அடுப்பை அணைத்தார்.

“இன்னிக்கு அனுப்பினீங்களே, அவ பேரென்ன?”

அறவாழி வாயைத் திறந்தார். வகுப்பையும் காரணத்தையும் தவிர அந்தத் தாளில் அவர் எதையும் படித்திருக்கவில்லை.

“எனக்குச் சொல்ல வேண்டாம்,” என்றார் தவமணி. “அவ யார் நடுவுல இல்லாமப் போனாளோ, அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க.”

விடிந்ததும் அறவாழி வகுப்பாசிரியையைத் தேடிப் போய்ப் பெயரையும் வீட்டையும் கேட்டார். வீடு பூட்டியிருந்தது. முதல் பேருந்திலேயே அப்பா அவளை நூற்பாலை விடுதியில் சேர்க்க அழைத்துப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்தது. புதிய தலைமையாசிரியர் ஏதாவது நல்லது சொல்வார் என்று பிள்ளைகளும் ஆசிரியர்களும் நின்றார்கள். இரும்புக் கதவுக்கு வெளியே, கொடி எதுவும் இல்லாமல், தவமணி நின்றார். அறவாழி ஒலிபெருக்கியைப் பிடித்தார். வாசலில் முழங்கிப் பழகிய குரல் அன்று உள்ளேயிருந்து ஒலித்தது.

“நேற்று இந்தப் பள்ளியிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினோம். பெற்றோர் விருப்பம் என்று எழுதியிருக்கிறது. அது பொய். கையெழுத்து என்னுடையது. இப்போது நூற்பாலைக்குப் போகிறேன். வருவாளா என்று தெரியாது. அவளுடைய இடத்தில் யாரும் நிற்க வேண்டாம்.”

யாரும் வெட்கம் என்று முழங்கவில்லை. பத்தாம் வகுப்பு வரிசை மெல்ல விலகி ஓர் ஆள் இடம் விட்டது.

“அவள் பெயர் இ. பூவரசி.”